சோடியம் 121: உப்பைக் கூட்டாமல் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது ஏன்?

கரிசல்காடு | மே 3, மாலை 6.15

அப்பாவுக்கு வயது 74. ஒரு வாரமாகத் தள்ளாட்டம், பேச்சில் தடுமாற்றம். பேரனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கவாதம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சோடியம் 121 என்றார்கள். உப்புதானே, ஏற்றிவிடுவார்கள் என்று பார்த்தால், தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். பிரஷர் மாத்திரையையும் மாற்றிவிட்டார்கள். நாளை அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. இந்த வெயிலில் வயதானவரைத் தண்ணீர் குடிக்காதே என்று யாராவது சொல்வார்களா? உப்பு குறைந்தால் உப்பைக் கொடுப்பதுதானே முறை? அத்தை ஊறுகாயும் உப்புக்கஞ்சியுமாக வார்டு வாசலில் நிற்கிறார். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. படுக்கை நாட்களைக் கூட்டப் பார்க்கிறார்கள்.

சோதனைக்குழாய் | மே 3, இரவு 9.40

அத்தையை ஊறுகாயோடு வீட்டுக்கு அனுப்புங்கள். முதல் வேலை அதுதான்.

121 என்பது உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற கணக்கு இல்லை, தம்பி. ஒரு லிட்டர் ரத்தநீரில் எத்தனை மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) சோடியம் என்ற விகிதம். சரியான அளவு 135 முதல் 145 வரை. விகிதம் குறைய இரண்டு வழி உண்டு: சோடியம் குறையலாம், தண்ணீர் கூடலாம். குழம்புக்கு உப்பு சரியாகப் போட்ட பிறகு யாரோ ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டால் சப்பென்றுதான் இருக்கும். போட்ட உப்பு எங்கும் போய்விடவில்லை. உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பதும் அநேகமாக அதுதான். தண்ணீர் வெளியேறும் வழி எங்கோ அடைந்திருக்கிறது.

மாற்றிவிட்டார்கள் என்கிறீர்களே, அந்தப் பழைய மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து முழுப்பெயரையும் போடுங்கள். பெயருக்குப் பின்னால் எச் என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மருந்தைத் தொடுவது உங்கள் மருத்துவரின் வேலை. அந்த எண் என்ன சொல்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்த தொழில்.

சோதனைக்குழாய் | மே 4, காலை 6.50

ராத்திரி சுருக்கமாக எழுதியதை இப்போது கணக்கோடு எழுதுகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர். மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே, மீதி வெளியே. சோடியம் பெரும்பாலும் வெளித் தண்ணீரில் இருக்கிறது, பொட்டாசியம் உள்ளே. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர். லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் என்று பெருக்கிப் பாருங்கள். சமையல் உப்புக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வரும். ஒவ்வொரு நாளும் ஒன்றரைக் கிலோ உப்பை வடிகட்டி இறக்கி, சில கிராமை மட்டும் வெளியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிற உறுப்புக்கு உங்கள் அத்தையின் ஊறுகாய் எம்மாத்திரம்?

இந்த மீட்பு வேலையில் பெரும்பகுதி ஹார்மோனைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் முதல் குழாயிலேயே மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். அடுத்து வரும் ஹென்லே வளைவில் கால் பங்கு. கடைசியில் எஞ்சுகிற சில சதவீதத்தில்தான் ஹார்மோன்களுக்கு அதிகாரம். அந்தச் சில சதவீதம்தான் நம்மை ஐ.சி.யூ. வரை கொண்டுபோகிறது.

தண்ணீருக்கான ஹார்மோன் வாசோபிரசின். ஏ.டி.எச். என்பதும் அதுவே. மூளையில் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தநீரின் செறிவு 1 சதவீதம் ஏறினாலே சுரப்பு கூடிவிடும். நமக்குத் தாகம் தெரிவதற்குச் சற்று முன்பே சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொடங்கியிருக்கும். நெஃப்ரான்களின் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுபோகும் சேகரிப்பு நாளத்துச் செல்களுக்குள் சிறு பைகளில் அக்வாபோரின்-2 என்ற புரதக் குழல்கள் காத்துக்கிடக்கின்றன. ஹார்மோன் வந்து தொட்டதும் அவை செல்லின் மேற்பரப்பில் வந்து பதிகின்றன. அவற்றின் வழியாகத் தண்ணீர் உடம்புக்குள் திரும்புகிறது. ஹார்மோன் இறங்கினால் குழல்களும் உள்ளே போய்விடும், தண்ணீர் சிறுநீராகப் போகும்.

தண்ணீருக்கென்று தனிக் குழல் உண்டு என்பதே 1990-களின் தொடக்கத்தில்தான் உறுதியானது. சிவப்பணுச் சவ்வில் ஏராளமாக இருந்த ஒரு புரதத்தின் வேலை என்னவென்று அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் அக்ரேவுக்குப் புரியவில்லை. தவளை முட்டைச் செல்லில் அந்தப் புரதத்தை உண்டாக்கித் தண்ணீரில் போட்டார்கள். சாதாரண முட்டைகள் அப்படியே இருக்க, இவை மட்டும் உப்பி வெடித்தன. 2003-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குப் போனது.

சோதனைக்குழாய் | மே 4, பகல் 1.05

"அப்படியானால் எல்லாரும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. வெயிலில் நாற்று நடுகிறவரும் ஒரு லிட்டர் கட்டுப்பாட்டில் இருக்கும் நோயாளியும் ஒன்றா? கேள்வி ஒருவரைப் பற்றியது, பதிலும் அவருக்கானது.

சோதனைக்குழாய் | மே 5, இரவு 8.20

கரிசல்காடு மாத்திரைப் பெயரைப் போட்டுவிட்டார். டெல்மிசார்டன் என்ற பிரஷர் மருந்தோடு ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற தையசைடு வகை மருந்து. அந்த எச் இதுதான்.

நீர் பிரியும் மாத்திரை என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். நீர் பிரிந்தால் சோடியம் எப்படிக் குறையும் என்று கேட்கத் தோன்றும். தையசைடு வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஹென்லே வளைவைத் தாண்டிய அந்தப் பகுதியில் தண்ணீரைப் பின்னால் விட்டுவிட்டு உப்பை மட்டும் சிறுநீரகம் எடுத்துக்கொள்ளும். சிறுநீர் நீர்த்துப்போவது அங்கேதான். அந்த வாயிலை மாத்திரை அடைத்துவிட்டால் சிறுநீரை நீர்க்க வைக்கும் திறன் குறைகிறது. உப்பு போகிறது, தனித் தண்ணீர் போக முடியவில்லை. லட்சக்கணக்கானவர்கள் இதே மாத்திரையைத் தொல்லையில்லாமல் சாப்பிடுகிறார்கள், பிரஷருக்கு நல்ல மருந்துதான். ஆனால் வயது கூடியவர்கள், ஒல்லியானவர்கள், அதிலும் பெண்கள், இவர்களிடம் சிலருக்குச் சோடியத்தைக் கவிழ்த்துவிடும். பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில். சில வேளை வருடக்கணக்காகச் சாப்பிட்ட பிறகும், ஒரு காய்ச்சல் வந்து சாப்பாடு குறைந்த வாரத்தில்.

சாப்பாடு குறைந்த வாரம் என்றேனே, அதை விட்டுவிட மனமில்லை. தண்ணீர் மட்டும் தனியாகச் சிறுநீராகப் போக முடியாது. கூடவே ஏதாவது கரைபொருள் போயாக வேண்டும்: உப்பு, யூரியா, பொட்டாசியம். சோறு, பருப்பு, முட்டை, மீன் என்று சாப்பிடும் ஆளுக்கு ஒரு நாளைக்கு வெளியேற்ற 600 மில்லியாஸ்மோலாவது (கரைபொருளை எண்ணும் அலகு) சேரும். சிறுநீரகம் சிறுநீரை லிட்டருக்கு 50 வரை நீர்க்க வைக்கும். 600-ஐ 50-ஆல் வகுத்தால் 12 லிட்டர். அதாவது ஆரோக்கியமான ஆள் நாள் முழுவதும் பரப்பி 12 லிட்டர் குடித்தாலும் வெளியேற்றிவிடலாம். இப்போது பல் இல்லாத, பசி இல்லாத ஒரு பெரியவர் வடிகஞ்சியும் பிஸ்கட்டும் டீயுமாக நாளை ஓட்டுகிறார் என்று வையுங்கள். 200 கூடச் சேராது. வயதாலும் மாத்திரையாலும் நீர்க்க வைக்கும் திறன் லிட்டருக்கு 200-இல் நின்றுவிட்டால், வெளியேற்ற முடிந்தது ஒரே லிட்டர். வெயில் என்று பிள்ளைகள் அன்போடு இரண்டரை லிட்டர் குடிக்க வைக்கிறார்கள். வேர்வையைக் கழித்தாலும் மிச்சம் தங்குகிறது.

அப்பா என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். "பல் கட்டியதிலிருந்து கஞ்சிதான்" என்று பதில் வந்திருக்கிறது.

சோதனைக்குழாய் | மே 5, இரவு 11.10

வேப்பங்குச்சி என்பவர், "உப்பைக் குறை உப்பைக் குறை என்று மருத்துவர்கள் பயமுறுத்தியதால் வந்த நோய் இது, நம் தாத்தாக்கள் உப்பு தின்று நன்றாக இருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். உங்கள் தாத்தாவை விடுங்கள். அமேசான் காட்டில் யானோமாமி மக்கள் சமையலில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்கள் சிறுநீரில் ஒரு நாளைக்கு வெளியேறும் சோடியம் ஒரு மில்லிமோல் அளவு, அவ்வளவுதான். ஐந்து கிராம் உப்புக்குள் இருப்பது 85-க்கு மேல். அந்த மக்கள் சோடியம் குறைந்து தள்ளாடவில்லை. உப்பைப் பிடித்து வைக்க உடம்பு சுரக்கும் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் அவர்களுக்கு மிக அதிகம், வந்த சோடியத்தில் கிட்டத்தட்ட எதையும் வெளியே விடுவதில்லை. ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 100-க்குக் கீழேதான். வயது ஏறினாலும் அழுத்தம் ஏறுவதில்லை. 1970-களிலிருந்து அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

உப்பைக் குறைத்துச் சாப்பிடுவதால் மட்டும் இரண்டு நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குச் சோடியம் 121-க்கு வராது.

சோதனைக்குழாய் | மே 6, மாலை 5.30

மருதாணி என்ற செவிலியர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அவர் கேட்டது: "வாந்தி பேதியில் வருகிறவர்களுக்கும் சோடியம் குறைகிறது. நாக்கு வறண்டு கிடக்கும். அவர்களுக்கு சலைன் ஏற்றித்தானே சரி செய்கிறோம்? தண்ணீர் கூடிவிட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்?"

அம்மா, இதைத்தான் நான் நேற்றே தொட்டிருக்க வேண்டும், கஞ்சியில் நேரம் போய்விட்டது.

உடம்பு இரண்டு காரியங்களைக் காக்கிறது. ஒன்று செறிவு, மற்றொன்று ரத்தத்தின் கொள்ளளவு. செறிவுக்கு வாசோபிரசின். கொள்ளளவுக்கு ரெனினில் தொடங்கும் சங்கிலி. சிறுநீரகத்துக்குள் நுழையும் சிறு தமனியின் சுவரில் உள்ள செல்கள் அழுத்தம் குறைவதை உணர்ந்ததும் ரெனினை விடுகின்றன. கல்லீரலில் இருந்து வரும் ஒரு புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டிய துண்டை நுரையீரலில் நிறைந்திருக்கும் ஏ.சி.இ. நொதி மேலும் வெட்ட, ஆஞ்சியோடென்சின்-2 கிடைக்கிறது. அது ரத்தக்குழாயை இறுக்கும், தாகத்தைக் கிளப்பும், அட்ரீனல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தை மீட்டுப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ரெனினை முதலில் காட்டியவர்கள் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர், 1898-இல். முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள், அழுத்தம் ஏறியது. பிறகு பல காலம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு காவலும் மோதிக்கொண்டால் என்ன ஆகும்? பேதியில் உப்பும் தண்ணீரும் சேர்ந்து போய்விட்டன. நோயாளி வெறும் தண்ணீரையும் டீயையும் குடிக்கிறார். ரத்தம் நீர்த்துவிட்டது, செறிவுக் கணக்குப்படி வாசோபிரசின் நின்றிருக்க வேண்டும். ஆனால் ரத்தத்தின் கொள்ளளவு பத்து சதவீத அளவுக்குக் குறைந்துவிட்டால் கதை மாறுகிறது. செறிவு எப்படியும் போகட்டும், முதலில் ரத்தம் ஓடட்டும் என்று உடம்பு முடிவு செய்கிறது. நீர்த்த ரத்தத்திலும் வாசோபிரசின் சுரந்துகொண்டே இருக்கும், குடித்த தண்ணீர் தங்கும். சலைன் ஏற்றிக் கொள்ளளவை நிரப்பிவிட்டால் அந்தச் சுரப்பு நிற்கிறது, தேங்கிய தண்ணீரைச் சிறுநீரகமே கொட்டிவிடுகிறது. ஏற்றிய உப்பை விட இந்தக் கொட்டலால்தான் எண் ஏறும். சில மணி நேரத்தில் சடசடவென்று ஏறவும் செய்யும், அதில் ஆபத்து உண்டு, பிறகு வருகிறேன்.

கொள்ளளவு சரியாக இருந்தும் வாசோபிரசின் காரணமின்றிச் சுரப்பது வேறு கதை. 1957-இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் என்ற மருத்துவர்கள் அதை நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரிடம் விவரித்தார்கள். நிமோனியா, மூளைக்காய்ச்சல், வலிப்பு மருந்தான கார்பமசெபின், மனச்சோர்வு மருந்துகள் சில, இவையும் அதைச் செய்யும். அங்கே சாதாரண சலைன் ஏற்றினால் உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளும். சோடியம் இன்னும் இறங்கக்கூடும்.

ஆக ஒரே 121-க்கு ஒருவருக்கு சலைன், இன்னொருவருக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு. எது யாருக்கு என்று பிரிக்கச் சிறுநீரில் சோடியமும் ஆஸ்மோலாலிட்டியும் (மொத்தக் கரைபொருளின் செறிவு) பார்ப்பார்கள். சிறுநீர்ச் சோடியம் மிகக் குறைவாக இருந்தால் உடம்பு உப்புக்கு அலைகிறது என்று பொருள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டிருந்தால் இந்த எண்ணும் குழப்பும். மருத்துவர் "யூரின் எடுத்துக் கொடுங்கள்" என்றால் முணுமுணுக்காமல் கொடுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்கிற சோதனை அது.

சோதனைக்குழாய் | மே 6, இரவு 10.00

குழம்பு உதாரணத்துக்கு மட்டும் இதுவரை நான்கு பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். கொதிக்க விட்டால் சுண்டிவிடுமே என்று ஒருவர். சுண்ட வைப்பதுதான் தண்ணீர்க் கட்டுப்பாடு என்று இன்னொருவர், அவருக்கு மதிப்பெண் கொடுக்கலாம். புளிக்குழம்பா சாம்பாரா என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை.

சோதனைக்குழாய் | மே 8, காலை 7.30

ஆய்வகம் தரும் எண்ணையே நம்பலாமா என்று ஒரு கேள்வி. இது என் பேட்டை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபிளேம் போட்டோமீட்டர்தான். சமையல் எரிவாயு சிலிண்டர், ஒரு கம்ப்ரஸர், நடுவில் நீலச் சுடர். நீர்த்த ரத்தநீரை அது உறிஞ்சியதும் சுடர் மஞ்சளாகப் பளிச்சிடும், அது சோடியம். பொட்டாசியத்தின் இளம் ஊதாவைக் கண்ணால் பார்ப்பது கடினம், வடிகட்டிக் கண்ணாடி வழியாகத்தான் இயந்திரம் படிக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க நிற்க வேண்டும், காற்றில் சுடர் ஆடினால் எண்ணும் ஆடும். வேர்த்த விரல் குழாயின் வாயில் பட்டால் சோடியம் கூடிவிடும். பிறகு மின்முனை இயந்திரங்கள் வந்தன, சுடர் போயிற்று.

பொய் எண்கள் இன்னும் போகவில்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுத்தால் சோடியம் தரையில் கிடக்கும், சர்க்கரை வானத்தில் இருக்கும். நிஜமாகவே சர்க்கரை 600 இருப்பவருக்கு, செல்லிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படுவதால் சோடியம் 8 வரை குறைந்து தெரியும். சர்க்கரை இறங்க இறங்க அது தானே ஏறும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமான ரத்தத்தில் சில வகை இயந்திரங்கள் குறைத்தே காட்டும்.

பொட்டாசியம்தான் பெரிய பொய்யன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பொட்டாசியம் சேர்ந்த ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. ரத்தம் குறைவாக இருந்தது என்று யாரோ அதிலிருந்து கொஞ்சத்தைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு ஊற்றி அனுப்பினார்கள். பொட்டாசியம் 12, கால்சியம் 3 என்று வந்தது. 12 இருந்தால் இதயம் ஓடாது. அந்த நோயாளி வராந்தாவில் நின்று பேருந்து நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்தோம், 4.2, சரியான அளவு. முஷ்டியை மடக்கி மடக்கி நரம்பைத் தேடினாலும், ஊசியில் வேகமாக இழுத்துச் சிவப்பணு உடைந்தாலும் பொட்டாசியம் கூடித் தெரியும். நோயாளிக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லை என்றால் முதலில் மறு மாதிரி எடுக்கச் சொல்வதில் வெட்கம் எதற்கு?

உங்கள் அப்பாவின் 121 பொய் இல்லை, தம்பி. பேரன் பெயர் மாறியதே சாட்சி.

சோதனைக்குழாய் | மே 9, இரவு 9.15

பொட்டாசியம் என்று எழுதியதும், இளநீர் தினம் குடிக்கலாமா என்ற கேள்விகள் வந்து குவிந்துவிட்டன.

உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள். வெளியே இருப்பது மொத்தமே 60 மில்லிமோல் சுமார். ஒரு நல்ல சாப்பாட்டில் 30, 40 வந்துவிடும். அது அப்படியே வெளியே நின்றால் அன்றே கதை முடிந்துவிடும். முதலில் இன்சுலின் அதைச் செல்லுக்குள் தள்ளுகிறது. பிறகு சில மணி நேரத்தில் ஆல்டோஸ்டிரோனும் சிறுநீரகமும் சேர்ந்து வெளியேற்றுகின்றன. பொட்டாசியம் ஏறினால் ஆல்டோஸ்டிரோன் நேரடியாகவே சுரக்கும், ரெனின் வந்து சொல்லத் தேவையில்லை.

சிறுநீரகம் தளர்ந்தவர், ராமிப்ரில், டெல்மிசார்டன் வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர், இவர்களுக்கு இந்தச் சங்கிலி எங்காவது தளர்ந்திருக்கும். அவர்கள் தினம் இரண்டு இளநீர் குடிப்பது ஆரோக்கியம் ஆகாது. ஓர் இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாது. அதை விட மோசம், கடையில் பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்த்திருக்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது உண்மையிலேயே நல்லது. டயாலிசிஸ் நோயாளிக்கு அதைப் பரிசாகக் கொடுத்த உறவினர்களைப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்குழாய் | மே 11, பகல் 12.40

இழை எங்கோ போகிறது, போகட்டும். அதிமதுரம் பற்றி ஒருவர் கேட்டார், பாட்டி தொண்டைக்கு மென்று கொண்டே இருப்பாராம், பிரஷர் ஏறி, பொட்டாசியம் 2.8-க்கு இறங்கிவிட்டதாம்.

அந்த வேருக்கு இதைச் செய்யத் தெரியும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனைப் போலப் பல மடங்கு உண்டு, ஆல்டோஸ்டிரோன் வந்து பொருந்தும் இடமான அதன் ஏற்பியிலும் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்தவிடாமல் சிறுநீரகச் செல்லில் ஒரு நொதி கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கிறது. அதிமதுரத்தின் கிளிசிரிசின் அந்த நொதியை முடக்குகிறது. கார்ட்டிசால் உள்ளே புகுந்து ஆல்டோஸ்டிரோன் வேலையைப் பார்க்கும்: உப்பு தங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் கொட்டும். ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனை அளந்தால் குறைவாகவே இருக்கும், மருத்துவர் தலையைச் சொறிவார். இருமலுக்கு இரண்டு நாள் மெல்வதைச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மெல்வதைச் சொல்கிறேன். பாட்டியின் மருத்துவரிடம் இந்த வேரையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய் | மே 12, இரவு 8.45

மாரத்தான் ஓடும் இளைஞர் ஒருவர், தாகத்துக்கு முந்திக் குடி என்று பயிற்சியாளர் சொல்வது சரியா என்கிறார். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் 488 பேருக்கு ஓடி முடித்ததும் ரத்தம் எடுத்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழ். மூவருக்கு 120 அல்லது அதற்கும் கீழ். யாருக்கு இறங்கியது என்று பார்த்தால், ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுக்கு. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி எடை கூட எவ்வளவு குடித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். வலி, குமட்டல், உடல் உளைச்சல் எல்லாமே வாசோபிரசினைக் கிளப்பும், அந்த நேரத்தில் தண்ணீர் வெளியேறாது. தாகத்துக்குக் குடியுங்கள், அது போதும்.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) வேறு விஷயம். ஒரு லிட்டர் பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். குடலில் ஒரு வாயில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே விடும், தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா அந்த வாயிலைத் தொடுவதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் டிரம்களில் கலக்கி ஊற்றிக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. பாக்கெட்டைப் பாதித் தண்ணீரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், சோடியம் எகிறும். பழச்சாறுப் பெட்டியை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள், அதில் சர்க்கரைதான் அதிகம்.

சோதனைக்குழாய் | மே 15, காலை 7.05

கரிசல்காட்டின் புது வருத்தம்: ஐந்தாம் நாள் 131, ஏன் இத்தனை மெதுவாக ஏற்றுகிறார்கள், ஒரே நாளில் முடித்து அனுப்பலாமே.

மெதுவாக ஏற்றியதற்கு நன்றி சொல்லுங்கள். வெளியே செறிவு குறைந்தால் தண்ணீர் செல்லுக்குள் புகும். மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடமில்லை. அதனால் மூளைச் செல்கள் இரண்டு நாளில் தங்கள் கரைபொருளை வெளியே தள்ளி, வீக்கத்தைக் குறைத்துக்கொண்டு புது நிலைக்குப் பழகிவிடும். பழகிய மூளைக்கு வெளியே சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் செல்லிலிருந்து தண்ணீர் உருவப்படும். நரம்பின் உறை சிதையலாம். எண் சரியாகி, வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் நேரத்தில், சில நாள் கழித்து விழுங்க முடியாமல், பேச முடியாமல் போகிறவர்கள் உண்டு. அதனால்தான் 24 மணி நேரத்துக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு. வலிப்பு வந்தவருக்கு முதல் சில மணி நேரத்தில் செறிந்த உப்புநீரைக் கொஞ்சம் வேகமாகக் கொடுப்பார்கள், அங்கும் அன்றைய மொத்த வரம்பு அதேதான்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்தி ரத்தம் எடுத்தது பில்லுக்காக இல்லை. எத்தனை வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்க வேறு வழி கிடையாது.

சோதனைக்குழாய் | மே 15, காலை 9.20

131-இல் வீட்டுக்கு அனுப்பினால் தையசைடு மறுபடி பட்டியலில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவர், வேறொரு கடை, வேறொரு பிராண்டுப் பெயர், பின்னால் அதே எச். முட்டையும் பருப்பும் கொடுங்கள்.

சோதனைக்குழாய் | மே 19, இரவு 10.30

கடைசியாக வந்த கேள்வி ஒரு பெரியவருடையது: பகலில் சிறுநீர் சரியாகப் போகிறது, ராத்திரி அதற்காக நான்கு முறை எழுந்திருக்கிறேன், சர்க்கரை இல்லை, புராஸ்டேட் சுரப்பி வீக்கமும் இல்லை என்கிறார்கள், பிறகென்ன?

இளம் வயதில் இரவில் வாசோபிரசின் கூடும், சிறுநீர் குறையும். வயதானால் அந்த இரவு ஏற்றம் மங்குகிறது. அடுத்தது கால். நாள் முழுக்கத் தொங்கவிட்ட கால்களில் சேர்ந்த நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது, இதயத்தின் மேலறை விரிகிறது. விரிந்த மேலறை ஒரு ஹார்மோனை விடும்: உப்பையும் நீரையும் வெளியேற்று என்று. இதயம் ஒரு சுரப்பி என்று அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை. 1981-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் டி போல்ட் குழுவினர் எலியின் மேலறைச் சாற்றை மற்ற எலிகளுக்கு ஏற்றினார்கள், அவை சிறுநீராகக் கொட்டித் தள்ளின. இதே குடும்பத்தின் இன்னொரு ஹார்மோனைத்தான் இன்று மூச்சுத் திணறலோடு வருகிறவர்களுக்கு பி.என்.பி. என்று அளக்கிறார்கள். பலத்த குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று போகிறவருக்கும் இரவில் அந்த மேலறை ஹார்மோன் ஏறும். குறட்டை உண்டா என்று உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது.

மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுத்துப் பாருங்கள், தேங்கியது தூங்கப் போகும் முன்பே வெளியேறும். நீர் பிரியும் மாத்திரை எதையாவது இரவில் சாப்பிட்டால், அதை மருத்துவரிடம் காட்டி எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கேளுங்கள். அவரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஓர் அளவுக் குவளையில் பிடித்து, நேரமும் மில்லிலிட்டரும் எழுதி வையுங்கள். இரவுப் பங்கு 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வந்தால், சிறுநீர்ப்பையைக் குறை சொல்வதில் பயனில்லை, சிறுநீர் இரவில் அதிகமாக உற்பத்தியாகிறது. விடிந்து எழுந்ததும் போகும் முதல் சிறுநீரும் இரவுக் கணக்கில்தான் சேரும், பலர் அதைப் பகலில் எழுதிவிடுகிறார்கள்.